தட்டைப் பூமிக்காரர்

பூமி உருண்டையா தட்டையா என்கிற வழக்கில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் புருஷன் வீட்டுக்குப் போகாமல் அறுப்பு வரைக்கும் தாய்வீட்டில் கிடந்தார்கள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராமக்காளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிப்பாதையில் இறங்கி நடந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, சித்தேரி மலை இறங்கி வந்து காலை நீட்டுகிற இடத்தில் அவர்கள் ஊர். மலையிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர் ஏரியில் விழும். ஏரிக்குக் கீழே நெல். ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டுக்கு ராகியும் கொள்ளும் அவரையும். ராமக்காளின் புருஷன் கரியனுக்குச் சொந்தமாக ஏரிக்குக் கீழே ஒரு துண்டு வயல். அது போக, நடவுக்கு முன்னால் ஊரார் வயல்களுக்கெல்லாம் பரம்பு ஓட்டப் போவார். உழுது தண்ணீர் கட்டிய சேற்றில் பரம்புப் பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மாட்டை ஓட்டினால், மேடும் பள்ளமும் கலந்து வயல் சமமாகிவிடும். காலெல்லாம் சேறு, வாயெல்லாம் வெற்றிலை. கோபம் என்பது அவருக்கு எப்போதாவது வருகிற விருந்தாளி. வந்தால் மட்டும் லேசில் கிளம்பாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு. பேச்சுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. மகள் சின்னக்கண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்குழந்தை பெற்றிருந்தாள். மருமகன் மாதேஸ் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நல்ல பையன். குடி கிடையாது, அடி கிடையாது. ஒரே ஒரு குறை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கமாட்டான். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக அவன் வந்து இறங்கிய நாள்தானா ஆவணிப் பௌர்ணமியாக இருக்க வேண்டும், அன்றைக்குத்தானா கிரகணம் பிடிக்க வேண்டும்?

பொழுது சாய்ந்ததும் நிலா மலைக்குமேல் கடிபட்ட அப்பளமாக எழுந்து வந்தது. ராமக்காள் மகளையும் குழந்தையையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வாசலில் வெண்கலத் தாம்பாளம் வைத்து, தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார் கரியன். கிரகணம் பிடித்திருக்கிற மட்டும் உலக்கை தன்னால் நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும். ஊரில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனாலும் கரியன் நிறுத்துகிற உலக்கை ஒரே தடவையில் நிற்கும் என்பதால் அக்கம்பக்கமெல்லாம் இவர்கள் வாசலுக்கு வந்துவிடும்.

உலக்கை நின்றது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரியன் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, பூமி தட்டையா இருக்கத்தொட்டுத்தான் நிக்குது. உருண்டைன்னா நிக்குமா? ஒரு பூசணிக்காய் மேல உலக்கைய நிறுத்திக் காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

மாதேஸும் சும்மா இருந்திருக்கலாம். அவன் வாத்தியார் ஆயிற்றே.

"பூமி பெருசுங்க மாமா. எறும்புக்குப் பூசணிக்காய் தட்டையாத்தான் தெரியும். தோ, நெலா மேல வுழுவுற நெழலைப் பாருங்க. ஓரம் வளைஞ்சு இருக்குதா? அது நம்ம பூமியோட நெழலு. உருண்டைக்குத்தான் அப்படி வுழும்."

"தட்டுக்கும் வட்டமாத்தான் நெழல் வுழும்" என்றார் கரியன்.

கூட்டத்தில் ஒரு கனைப்பு. பக்கத்து வீட்டு நஞ்சம்மாள், "அதுவும் நெசந்தான வாத்தியாரே" என்றாள்.

மாதேஸ் உள்ளே போய்ச் சோற்றுத் தட்டையும் விளக்கையும் எடுத்து வந்தான். தட்டை நேராகப் பிடித்தான், சுவரில் வட்டமாக விழுந்தது. சாய்த்துப் பிடித்தான், கோழிமுட்டையாக விழுந்தது. பக்கவாட்டில் பிடித்தான், வெறும் கோடு. "எந்தக் கிரகணத்துலயாச்சும் நெலா மேல கோடு வுழுந்து பாத்திருக்கீங்களா? எப்பவும் வளைவுதான். எப்படித் திருப்பினாலும் வட்டமா நெழல் வுழறது உருண்டை ஒண்ணுக்குத்தான்."

கரியன் வெற்றிலையை மென்றுகொண்டே, "சாமி தட்டைச் சாய்ச்சுப் புடிக்க மாட்டாரு, சாப்பாடு கொட்டிப் போயிரும்" என்றார். வாசல் முழுக்கச் சிரித்தது. மாதேஸும் சிரித்தான். அன்றைக்கு அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

விடிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. பல் விளக்கிய கையோடு தாம்பாளத்தை எடுத்து வைத்தான், தண்ணீர் ஊற்றினான், உலக்கையைப் பிடித்து அசையாமல் நிறுத்திக் கையை எடுத்தான். நின்றது. கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, பளிச்சென்று வெயில் அடிக்கிறது, உலக்கை நிற்கிறது. கோலம் போட வந்தவர்கள், மாடு ஓட்டிப் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"பாருங்க மாமா. அடியில பூண் தட்டையா இருக்குது, எடம் சமமா இருக்குது. எந்நாளும் நிக்கும். நாமதான் மத்த நாள்ல நிறுத்திப் பாக்கறதில்ல."

கரியன் உலக்கையைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நேத்துக் கிரகணத்தோட மிச்சம் பூமியில இன்னும் இருக்குதுங்க மாப்பிள்ளை. எறங்க நாளாவும்" என்றார்.

தெருவே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு கரியனைப் பார்த்து. ராமக்காளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்காகப் பின்னால் எத்தனையோ தடவை தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் மாதேஸ் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"மாமா, உங்களைச் சொல்லித் தப்பில்லீங்க. சின்ன வயசுல யாரோ உங்களுக்குப் பூமி தட்டைன்னு பொய்யச் சொல்லி நல்லா ஏமாத்தி வெச்சிருக்காங்க."

கரியனின் முகம் மாறியதை ராமக்காள் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்திராத முகம். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"பொண்ணு வரமாட்டா. நீங்க கெளம்புங்க."

"எதுக்குங்க மாமா?"

"தட்டைதான்னு உங்க வாயால சொல்லிட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"அது பொய்யிங்களே. பள்ளிக்கூடத்துல ஒண்ணு சொல்லி, பொண்டாட்டிக்காக இங்க ஒண்ணு சொல்ல என்னால முடியாதுங்க."

"அப்ப கெளம்புங்க."

இப்படித்தான் அவன் போனான். குழந்தையைக்கூட எடுத்துக் கொஞ்சவில்லை. தொட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்தானோ என்னவோ.

*

அதற்குப் பிறகு வீட்டில் சோறு ஆக்குவதும் தின்பதும் நடந்ததே தவிர, பேச்சு நடக்கவில்லை. சின்னக்கண்ணு குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள்.

"உருண்டையா இருந்தா என்ன, தட்டையா இருந்தா என்ன. மொத்தமும் என் தலை மேலதாம்மா ஒக்காந்திருக்குது."

"அப்பங்கிட்டச் சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். 'உனக்குத் தெரியாது கண்ணு'ங்கறாரு. உம் மருமவனுக்கு எழுதிக் கேட்டா அவரும் அதையேதான் சொல்வாரு. எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

நஞ்சம்மாள் அவ்வப்போது வந்து ஊர்வாயை வடிகட்டாமல் கொட்டிவிட்டுப் போனாள். கரியன் மகளை வாழாவெட்டி ஆக்கப் பார்க்கிறார் என்றாள். வாத்தியாருக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம் என்றாள். கடைசியில் சொன்னது பொய்தான். ஆனாலும் ராமக்காளுக்கு அன்று களி இறங்கவில்லை.

புரட்டாசி பிறந்து நடவு வேலை துவங்கியது. ஒருநாள் ராமக்காள் ராகிக் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். கரியன் பரம்பு ஓட்டி முடித்து, கால் கழுவி, வாய்க்கால் மேட்டுப் புங்க மர நிழலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வயல், கலங்கல் தெளிந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"தோ பாரு ராமக்கா, எங்கயாச்சும் ஒரு மேடு தெரியுதா? தண்ணி சமமா நிக்குது. இது உருண்டையாம்."

அவள் களியை உருட்டித் தட்டில் வைத்துக் குழி பறித்துக் கடைசலை ஊற்றினாள். பிறகு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குக் கேட்காமல் போவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேப்பேன். மாப்பிள்ளை சோத்துத் தட்ட வெச்சு வேடிக்கை காட்டினப்ப உங்களுக்குக் கோவம் வரல. நீங்களும் சேந்துதான் சிரிச்சீங்க. உலக்கைய நிறுத்தினப்பவும் வரல. 'ஏமாத்திட்டாங்க'ன்னதும் மொகம் கறுத்துப் போச்சு. உங்களுக்கு அந்தப் பேச்சை யாரு சொன்னது?"

கரியன் களியை விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"சின்னபொண்ணு ஆத்தா" என்றார்.

சின்னபொண்ணு யார் என்று ராமக்காளுக்குத் தெரியும். சித்தேரி மலையில் இருக்கிறவள். பிளேக் வந்து ஊரே காலியாகிக் காட்டில் குடிசை போட்டிருந்த காலத்தில், அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துச் செத்து, சொந்தக்காரர்கள் தொடப் பயந்து ஒதுங்கிப் போக, தனியாகக் கிடந்த இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவள். தேனும் கடுக்காயும் கொண்டுவந்து உப்பு மாற்றிப் போக இறங்கியவள், உப்போடு ஒரு பிள்ளையையும் சுமந்து மலையேறினாள். சாம்பலில் புரண்டு கிடந்தவனுக்குக் கரியன் என்று பெயர் வைத்ததே அவள்தான். அப்பன் ஆத்தா வைத்த பெயர் என்னவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பல வருஷம் கழித்துத் தாய்மாமன் வந்து அழைத்துப் போனாலும், வருஷா வருஷம் தை அறுப்பு முடிந்ததும் புதுஅரிசி கட்டிக்கொண்டு கரியன் மலையேறாமல் இருந்ததில்லை.

"மேல போயி நான் ஒரே அழுகை" என்றார் கரியன். "ஆத்தாகிட்டப் போவணும், ஆத்தாகிட்டப் போவணும். கஞ்சிய வாயில ஊத்தினா துப்பிப்புடுவேன். இவன் பொழைக்க மாட்டான்னு அங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒருநா காலையில என்னைத் தூக்கியாந்து மொகட்டுப் பாறை மேல நிக்க வெச்சா. கீழ பாத்தா அத்தனை ஊரும் தெரியுது. 'அங்க பாருடா, பூமி முறமாட்டம் தட்டையா கெடக்குது. ஒளிய ஒரு மறைவு இல்ல. உங்க ஆத்தா எங்க போயிருந்தாலும் இதுக்குள்ளதான் இருக்கணும். இதத் தாண்டி யாரும் காணாமப் போவ முடியாது. நீ கஞ்சி குடிச்சுப் பெருசானா நடந்து போயித் தேடிக்கலாம்'னா. அன்னிக்குக் குடிச்சேன் கஞ்சி."

ராமக்காள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்பறம் தேடினீங்களா?"

"பெருசானதும் தெரிஞ்சு போச்சே, செத்தவ செத்தவதான்னு. தேடறதுக்கு என்ன இருக்குது? ஆனா கஞ்சி குடிச்சனே. குடிச்சதாலதான இன்னிக்கு உங்கையால களி திங்கறேன். உருண்டைங்கறாரு உம் மருமவன். தூரத்துல போற கப்பல் வளைவுக்கு அந்தாண்ட மறைஞ்சு போயிருமாம். அது நெசம்னா ஆத்தா சொன்னது பொய்யின்னு ஆவுது. என்னை ஏமாத்தினவ ஆவறா. உசிரக் குடுத்தவள நான் எப்படி அப்படி ஆவ விடறது, நீயே சொல்லு."

மிச்சக் களியையும் அவர் தட்டிலேயே வைத்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனுக்குள் ஒரு பிள்ளை பாறைமேல் நிற்கிறது என்று தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, தான் முகம் கண்டிராத வயதில் அந்தப் பிள்ளையைத் தனக்காகக் காப்பாற்றி வைத்தவளை நினைத்துக் கை தானாகக் கும்பிட்டது.

*

நடவும் களையும் முடிந்து, கதிர் முற்றுகிற வரையில் பொறுத்தாள். அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், தங்கச்சியைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ராமக்காள் பஸ் ஏறினாள். பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டின காலம் அது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினாள். மூக்கெல்லாம் கரியாகக் கம்பைநல்லூரில் இறங்கி, விசாரித்து மருமகன் வீட்டை அடைந்தபோது, அவன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் தீய்ந்திருந்தது.

"வாங்க அத்தை" என்று பதறி எழுந்தான். அடுத்த வார்த்தை, "பையன் எப்படிங்க இருக்கான்?"

"பல்லு வந்திருச்சுங்க. கைய வெச்சா கடிக்கறான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராமக்காள் அவனை நகரச் சொல்லிவிட்டு வேறு உலை வைத்தாள். அரிசி கொதிக்கிற நேரத்துக்குள் சின்னபொண்ணு கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"நான் யாரோ பூசாரி ஜோசியக்காரன்னு நெனைச்சுச் சொன்னேங்க அத்தை. இப்படின்னு எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும்."

விறகை உள்ளே தள்ளிவிட்டு அவனே பேசினான். "எங்க அப்பாரு செத்தப்ப நான் மாடு மேய்க்கப் போனவன். சவுரியப்பன் வாத்தியாருதான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி ஒக்கார வெச்சாரு. மத்தியானம் அவரு சோத்துல பாதி எனக்கு. பூமி உருண்டைன்னு அவரு சொன்ன அன்னிக்கே நம்பிட்டேன். நெழலு, கணக்கு எல்லாம் அப்பறம் படிச்சதுதான். அதெல்லாம் சரியாவும் இருந்துச்சு. ஆனா நம்பினது அதுக்கு முன்னாடி. நாளைக்கு ஒருத்தன் வந்து சவுரியப்பன் சாரு உன்னை ஏமாத்திட்டாருன்னு சொன்னா எனக்கும் சுருக்குன்னுதான் இருக்கும்."

"தை பொறந்ததும் மலைக்குப் போறோம். பொண்ணும் பேரனும் வர்றாங்க. நீங்க அரூர்ப் பக்கமா ஏறி முன்னாடியே வந்துருங்க."

"வந்து தட்டைன்னு சொல்லணுங்களா அத்தை?"

"ஒண்ணும் சொல்ல வேணாம் சாமி. வந்து நின்னாப் போதும்."

*

தையில் மலையேறினார்கள். கரியன் தலையில் புதுஅரிசி மூட்டை, ராமக்காள் தலையில் இன்னொன்று, சின்னக்கண்ணு இடுப்பில் குழந்தை. பனி விலகாத காலை. மூங்கில் புதருக்கு நடுவே பாதை ஏறிக்கொண்டே போனது. குழந்தை வழியில் தென்பட்ட குரங்கையெல்லாம் கை நீட்டி அழைத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது சாமை அறுத்த தாளை அடுக்கியிருந்த களத்தருகில், சின்னபொண்ணுவின் குடிசை முன்னால் ஓர் ஆள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விறகு பிளந்துகொண்டிருந்தான். மாதேஸ்.

கரியன் நின்றுவிட்டார். மூட்டையை இறக்கவும் இல்லை.

"உள்ள வாடா கரியா, என்னாத்துக்கு மரமாட்டம் நிக்கற?" என்று குரல் கொடுத்துக்கொண்டே சின்னபொண்ணு வந்தாள். தலை நரைத்திருந்ததே தவிர நடையில் கிழடு தட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "இந்தப் புள்ளையாண்டான் விடியக் காலையில வந்துட்டான். உம் மருமவனாமே. வாத்தியாருங்கறான், வெறவு நல்லா பொளக்கறான்."

எல்லாருக்கும் தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து இலையில் வைத்தாள். மாமனாரும் மருமகனும் குடிசையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து தின்றார்கள். சின்னக்கண்ணு புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் மெலிந்திருந்தான். குழந்தைக்கு அப்பனை அடையாளம் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் ராமக்காளுக்குத் தாங்கவில்லை. இன்றைக்கு இது தீராவிட்டால் எப்போதுமே தீராது என்று அவளுக்குத் தோன்றியது. என்ன செய்தால் தீரும் என்றுதான் தெரியவில்லை.

கரியனே துவக்கினார்.

"ஆத்தா, உன்னை ஒண்ணு கேக்கணும். இவரு இருக்கறப்பவே கேக்கணும். பூமி தட்டைன்னு நீதான எனக்குச் சொன்ன?"

சின்னபொண்ணு குழந்தையின் வாயில் தேன் தடவிக்கொண்டிருந்தாள். "எப்படா?"

"சின்னதுல. பாறை மேல நிக்க வெச்சு. நான் கஞ்சி குடிக்காம அழுதனே, அப்ப."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "எனக்கு நெனப்பில்லையேடா. நான் எதுக்குத் தட்டைன்னு சொல்றேன்? இந்த மலையில தட்டையா ஒரு மொழம் எடம் காட்டு. படுத்தா உருண்டுக்கிட்டுல்ல கெடக்கறோம். நீ அழுதிருப்ப, அழுகைய நிறுத்த என்னத்தையாவது சொல்லியிருப்பேன். யானை பறக்குதுன்னுகூடச் சொல்லியிருப்பேன்."

ராமக்காள் இலையைக் கீழே வைத்தாள். எந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற இந்த மனுஷன் மகளின் வாழ்க்கையையே பணயம் வைத்தாரோ, அந்த வார்த்தையைச் சொன்னவளே இல்லை என்கிறாள். மருமகன் எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று பயந்து பார்த்தாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திறக்கவில்லை. பிள்ளையாரப்பா, நல்ல பிள்ளை.

கரியன் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நீ மறந்துட்ட ஆத்தா. சொன்னவங்க மறந்துருவாங்க. அதைக் கேட்டு உசிரோட இருக்கறவன் நான். நான் எப்படி மறக்கறது?"

குழந்தை அவள் தேன் விரலைச் சப்பியது. சின்னபொண்ணு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அவள் பேசினபோது குரல் தணிந்திருந்தது.

"எனக்கு நெனப்பிருக்கறது வேற கரியா. அந்தத் தடவை நான் உப்பு மாத்தவா கீழ எறங்கினேன்? எம் புள்ளையப் பொதைச்சிட்டு எறங்கினேன். ஒன்னாட்டந்தான் இருந்தான், காய்ச்சல்ல போயிட்டான். கை ரெண்டும் வெறுமையா இருந்துச்சு, வூட்டுல இருக்க முடியல. திரும்ப மேல வர்றதுன்னு நெனப்பே இல்ல. அப்பத்தான் நீ சாம்பல்ல ஒக்காந்து என்னைப் பாத்த. பாத்துட்டுக் கைய நீட்டின. ஊரே பயந்து ஒன்னைத் தொடல, நீ பயப்படாம என்னைத் தூக்கச் சொன்ன. தூக்கினேன். எடுத்துக்கிட்டு வந்தது நான்னு எல்லாரும் சொல்றாங்க. நீ கை நீட்டலேன்னா நான் எங்கடா மலையேறி வந்திருப்பேன்? வருசா வருசம் அரிசி கொண்டாந்து போடற, நான்தான் ஒனக்கு என்னத்தைக் குடுத்தேன்னு தெரியாம வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கறேன்."

கரியன் அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். சின்னக்கண்ணு அப்பா அழுது பார்த்ததில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னபொண்ணு, "அழாதடா, யானை பறக்குது பாரு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக அவருக்குப் புரையேறியது.

மாதேஸ் அப்போதுதான் எழுந்தான். நேரே போய்ச் சின்னபொண்ணுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"அன்னிக்கு நீங்க இவரை எடுத்துக்கிட்டு வரலேன்னா எனக்குப் பொண்டாட்டி ஏதுங்க ஆத்தா, இந்தப் புள்ள ஏது" என்றான். பிறகு கரியன் பக்கம் திரும்பினான். "மாமா, அன்னிக்கு 'ஏமாத்திட்டாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டேன். தெரியாமச் சொன்னதுதான், இருந்தாலும் தப்பு தப்புத்தான். அந்த வார்த்தைய இவங்க காலடியிலயே திருப்பி எடுத்துக்கறேன். ஆனா பூமிய மட்டும் என்னால திருப்பி எடுத்துக்க முடியாதுங்க. அது உருண்டைதாங்க."

ராமக்காள் தலையில் கை வைத்தாள். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

கரியன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூமிய யாருங்க கேட்டா" என்றார். "எனக்கு வார்த்ததான் வேணும். பூமி தட்டைதான், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

பேரனைச் சின்னபொண்ணுவின் மடியிலிருந்து தூக்கினார். மாதேஸிடம் நீட்டினார். புது ஆளைக் கண்டு அது உதட்டைப் பிதுக்கியது. இருந்தும் அப்பன் கையில் வைத்துவிட்டு, "புடிங்க மாப்பிள்ளை. துள்ளுவான், இறுக்கிப் புடிங்க. பொழுது இருக்கறப்பவே அரூர்ப் பக்கமா எறங்கிருங்க. பனியில புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்" என்றார். அப்புறம் நினைவு வந்தவராகக் கையைப் பிசைந்தார். "பொண்ணோட துணிமணியெல்லாம் அங்க வூட்டுல கெடக்குதே. வெறுங்கையோடவா அனுப்பறது? இன்னொரு நாளைக்கு..."

ராமக்காள் அதற்குள் தன் மூட்டையை அவிழ்த்துவிட்டாள். மேலாக இருந்த அரிசியைச் சின்னபொண்ணுவின் முறத்தில் சரித்தாள். அடியில் மகளின் சீலைகள், குழந்தையின் துணி, தூளி, பால் கிண்ணம், கிலுகிலுப்பை எல்லாம் ஒழுங்காக மடித்துக் கட்டியிருந்தன.

"எல்லாம் எடுத்தாந்துதான் இருக்கறேங்க" என்றாள். "கெளம்பச் சொல்லுங்க."